பூனைக்குட்டி சியும் யாமாதா குடும்பமும்: 'சி'ஸ் ஸ்வீட் ஹோம்' மங்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த மங்கா? யார் வரைந்தது?

கொனாமி கனாதா என்ற ஜப்பானியக் கலைஞர் எழுதி வரைந்த 'சி'ஸ் ஸ்வீட் ஹோம்', தாயைப் பிரிந்த ஒரு பூனைக்குட்டி நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் ஒரு சிறு குடும்பத்துடன் வாழத் தொடங்குவதைச் சொல்லும் சித்திரக்கதையாகும். தோக்கியோவில் உள்ள கோதான்ஷா பதிப்பகத்தின் 'மார்னிங்' வார இதழில் 2004ஆம் ஆண்டு தொடங்கி 2015ஆம் ஆண்டு வரை வெளிவந்த இக்கதை, 12 தொகுதிகளில் நிறைவு பெற்றது. 2011ஆம் ஆண்டில் கோதான்ஷா மங்கா விருதின் குழந்தைகள் பிரிவில் இது பரிசு பெற்றது. கொனாமி கனாதா இதற்கு முன்பே பூனைகளை வரைவதில் நெடுங்காலம் செலவிட்டவர். மூதாட்டி ஒருவருடன் வாழும் பூனையைப் பற்றிய அவருடைய 'ஃபுகுஃபுகு ஃபுன்யான்' 1980களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

கதை எப்படித் தொடங்குகிறது?

சாம்பல் நிறமும் வெள்ளையும் கலந்து, மேலே கருங்கோடுகள் ஓடும் ஒரு குட்டி, தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் வெளியே நடந்து போகிறது. வழியில் கண்ணில் பட்டவற்றையெல்லாம் வேடிக்கை பார்த்தபடி பின்தங்கிப் போன அது, திரும்பிப் பார்க்கும்போது தன்னைச் சேர்ந்தவர்கள் யாரையும் காணவில்லை. தேடி அலைந்து களைத்து ஒரு பூங்காவில் சோர்ந்து கிடக்கும் அதனை, அம்மாவுடன் அங்கே வந்த யோஹெய் என்ற சிறுவன் காண்கிறான். தாயும் மகனும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

யாமாதா குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடத்தில் செல்லப்பிராணிகளை வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே, குட்டியைத் தற்காலிகமாக வைத்திருந்து, அதை வளர்க்கக்கூடிய வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்றுதான் அப்பாவும் அம்மாவும் முதலில் எண்ணுகிறார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறார்கள், இடம் அமையவில்லை. அவ்வாறு தேடிக்கொண்டிருக்கும் நாட்களிலேயே அந்தக் குட்டி அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. இந்த மாற்றம் ஒரே ஒரு காட்சியில் முடிவெடுத்துப் பேசி நிகழ்வதில்லை. உணவு, உறக்கம், கழிப்பிடப் பழக்கம், விளையாட்டு என்று ஒவ்வோர் அத்தியாயத்திலும் சிறிது சிறிதாக நடக்கிறது.

இந்தப் பூனை மனிதர்களோடு பேசுமா?

பேசாது. இந்தப் படைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

சி மனத்தில் நினைப்பவை, மழலை கலந்த சொற்களாக வாசகருக்குக் காட்டப்படுகின்றன. கதைக்குள் இருக்கும் மனிதர்களின் காதில் விழுவதோ வெறும் மியாவ் ஒலி மட்டுமே. அதேபோல், மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் சிக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. அவர்களுடைய குரலின் தொனியையும், கையின் அசைவையும், வீட்டில் அடிக்கடி கேட்கும் சில ஒலிகளையும் வைத்துத் தனக்குத் தோன்றியபடி அது ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்கிறது. ஆக, ஒரே நிகழ்ச்சியைப் பூனை ஒரு விதமாகவும் மனிதர்கள் வேறு விதமாகவும் புரிந்துகொள்ள, இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறவராக வாசகர் மட்டுமே இருக்கிறார். குட்டியைக் குளிப்பாட்டுவது வீட்டாருக்குத் துப்புரவு. சிக்கு அது தன் உயிர்மேல் வந்த ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவது அப்பாவின் பொறுப்புணர்ச்சி. சியின் கணக்கிலோ, நம்பத் தகாத மனிதர்களின் வரிசையில் அப்பா சேர்ந்துவிட்ட நாள் அது. மருத்துவமனைக்குப் போய்வந்த பின் தன்னைக் கண்டதும் விலகி ஓடும் குட்டியைப் பார்த்து அவர் மனம் வாடுவதையும், அவர் நெருங்கி வருவதைப் பார்த்துக் குட்டி நடுங்குவதையும் அடுத்தடுத்த கட்டங்களில் கொனாமி கனாதா வரையும்போது, இருவர் மீதும் ஒரே அளவில் இரக்கம் தோன்றுகிறது.

மனிதர்களைப் போல உடுத்தி, மனிதர்களைப் போல நியாயம் பேசும் விலங்குகளைக் கொண்ட கதைகள் உலகெங்கும் உண்டு. சி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதற்குத் தெரியக்கூடியவை அதன் மூக்குக்கும் காதுக்கும் எட்டியவை மட்டுமே. எட்டாத எதையும் அதன் வாயில் வைத்து ஆசிரியர் பேசவைப்பதில்லை. பூனைகள் தம்முள் பேசிக்கொள்வது மட்டும் விதிவிலக்கு. அங்கும் கூட, வளர்ந்த பூனைகள் தெளிவாகப் பேச, சி குழறிக் குழறியே பேசுகிறது.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

பூனைக்குட்டி வீட்டுக்கு வந்த காலத்தில், யோஹெய்க்கும் கழிப்பறைப் பழக்கம் முழுமையாக வரவில்லை. சிறுநீர் கழிப்பதைக் குறிக்கும் 'சீ' என்ற மழலைச் சொல் அந்த வீட்டில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டே இருந்தது. தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிக் குட்டி அந்த ஒலிக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்க, அதுவே பெயராகிவிட்டது.

யாமாதா குடும்பத்தார் பூனையை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

ஜப்பானிய நகரங்களில் வாடகை அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் நாய், பூனை வளர்க்கக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மெல்லிய சுவர்கள் வழியே கேட்கும் ஒலி, பிறாண்டப்பட்ட சுவர்த்தாளும் தரைவிரிப்பும், தங்கிவிடும் வாடை, அடுத்துக் குடிவருவோருக்கு இருக்கக்கூடிய ஒவ்வாமை ஆகியவை வீட்டு உரிமையாளர்கள் சொல்லும் காரணங்கள். அனுமதிக்கும் கட்டடங்களிலும் வைப்புத்தொகை கூடுதலாகக் கேட்கப்படுவது வழக்கம். குடியிருப்பைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளர் விதி மீறலைக் கண்டுபிடித்துவிட்டால், விலங்கை வெளியேற்ற வேண்டும், அல்லது குடும்பமே வெளியேற வேண்டும்.

முதல் மூன்று தொகுதிகளின் பதற்றம் முழுவதும் இந்தப் பின்னணியிலிருந்துதான் பிறக்கிறது. மேற்பார்வையாளர் அம்மையார் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் குட்டியை எங்கே மறைப்பது என்று வீடே பரபரக்கிறது. குட்டியோ, ஏதோ புதிய விளையாட்டு தொடங்கிவிட்டது என்று துள்ளுகிறது. ஆயினும், அந்த அம்மையார் கொடியவராக வரையப்படவில்லை. அவர் தம் பொறுப்பைச் செய்கிறார். யாமாதா குடும்பத்தார்தாம் ஒப்பந்தத்தை மீறுகிறார்கள் என்பதை ஆசிரியர் எங்கும் மறைப்பதும் இல்லை, அன்பின் பெயரால் அதற்கு மன்னிப்பு வழங்கிவிடுவதும் இல்லை. அவர்களுடைய மன உளைச்சலையும், பிள்ளையிடம் பொய்க்குத் துணை நிற்கச் சொல்லும் சங்கடத்தையும் அப்படியே காட்டுகிறார். இறுதியில், விலங்குகளை அனுமதிக்கும் ஒரு குடியிருப்புக்கு அவர்கள் மாறிச் செல்வதே தீர்வாகிறது. ஓர் உயிரை ஏற்றுக்கொண்டதற்காக ஒரு குடும்பம் வீட்டையே மாற்றுகிறது என்ற பெரிய செய்தியை இவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருப்பது இத்தொடரின் சிறப்புகளுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

பெரிய கரும்பூனை யார்?

அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டில் வளரும் பூனை. ஆங்கிலப் பதிப்பில் அதற்குப் பிளாக்கி என்று பெயர். முதல் பார்வையில் அதன் உருவத்தைக் கண்டு சி அதைக் கரடி என்றே நினைத்து அஞ்சுகிறது. பிறகு இரண்டுக்கும் நட்பு மலர்கிறது. பூனையாக வாழ்வது எப்படி என்பதை, தாய் கற்றுத் தந்திருக்க வேண்டியதை, சி ஓரளவேனும் கற்றுக்கொள்வது இந்தக் கரும்பூனையிடம்தான்.

அதுவும் விதிக்கு மாறாக வளர்க்கப்படும் பூனையே. மேற்பார்வையாளர் அதைக் கண்டறிந்த பின், அதனை வளர்த்த குடும்பம் கட்டடத்தை விட்டுப் போக நேர்கிறது. தன் நண்பன் ஏன் போகிறான், எங்கே போகிறான் என்பது சிக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை சிக்கப் போவது தாங்கள்தாம் என்று யாமாதா குடும்பத்தாருக்கு மட்டும் நன்றாகவே தெரிகிறது.

சி தன் தாயை மறந்துவிடுகிறதா?

இத்தொடரைக் குட்டிப்பூனையின் குறும்புகள் என்று மட்டும் படிப்பவர்கள் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

தொடக்க அத்தியாயங்களில் சியின் எண்ணம் ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீடு என்பது தாய் இருக்கும் இடம். கதவு திறக்கும் போதெல்லாம் வெளியேற அது முயல்கிறது. ஆனால் வாசலை நோக்கிப் போகும் வழியில் ஓர் உருளும் பந்து, ஒரு கிண்ணம் உணவு, வெயில் விழும் ஒரு மூலை, யோஹெய்யின் கை ஆகியவை குறுக்கிடுகின்றன. குட்டி எங்கே போகப் புறப்பட்டது என்பதையே மறந்து உறங்கிவிடுகிறது. மறுநாள் நினைவு வருகிறது. அதற்கு மறுநாள் வரவில்லை. நினைவு வரும் நாட்களின் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. அந்த இடைவெளிகளை ஆசிரியர் எண்ணிச் சொல்வதில்லை; நாமே ஒரு கட்டத்தில் உணர்ந்து திடுக்கிடுகிறோம். சி இப்போது 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று நினைக்கும்போது, அது நினைப்பது யாமாதா குடும்பத்தின் வீட்டையே என்று தெரியவரும் இடம், என் வாசிப்பில், முழுத் தொடரிலும் மகிழ்ச்சியும் துயரமும் பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும் இடமாகும். ஒரு குட்டி நிம்மதியடைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு, அது தன் தாயை மறந்துவிட்டது என்பதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த மறதியைப் பிழையாகவோ நன்றிகேடாகவோ ஆசிரியர் காட்டுவதில்லை. குட்டிப் பருவத்து உயிருக்குப் பிழைத்திருக்க வழி அதுவே. ஆயினும் அவர் அந்தத் தாயைக் கதையிலிருந்து அழித்துவிடுவதும் இல்லை. பிற்பகுதித் தொகுதிகளில், தொலைந்துபோன பூனைக்குட்டியைத் தேடும் சுவரொட்டி ஒன்று யாமாதா குடும்பத்தாரின் கண்ணில் படுகிறது. அதில் இருக்கும் குட்டி சியைப் போலவே இருக்கிறது. தங்களிடம் இருக்கும் குழந்தைக்கு வேறொரு வீடும், அதைத் தேடுகிறவர்களும், ஒரு தாயும் உண்டு என்ற உண்மை அன்றுதான் அவர்கள் முன் வந்து நிற்கிறது. கண்டெடுத்த உயிர் யாருக்கு உரியது, வளர்த்த அன்பு பெரிதா பிறந்த இடம் பெரிதா என்ற கேள்விகளை, பத்து ஆண்டுகளுக்கு முன் வரைந்த முதல் அத்தியாயத்திலேயே கொனாமி கனாதா விதைத்து வைத்திருந்தார்.

பூனையின் நடத்தை உண்மைக்கு ஒத்ததா? பூனை வளர்க்க விரும்புவோர் இதிலிருந்து கற்கலாமா?

நடத்தையைப் பொறுத்தவரை, இத்தொடர் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானது. கன்னத்தையும் உடம்பையும் பொருட்களின் மீது தேய்த்துத் தன் வாசனையைப் பதிப்பது, மென்மையான துணியை முன்னங்கால்களால் மாற்றி மாற்றி அழுத்துவது, தாவுவதற்கு முன் பின்புறத்தை ஆட்டிக் குறி பார்ப்பது, குறுகலான பெட்டிகளில் நுழைந்துகொள்வது, அச்சத்தில் முதுகை வளைத்து வாலைப் புடைக்கச் செய்வது என அனைத்தும் பூனையோடு வாழ்ந்தவர்கள் உடனே அடையாளம் காணக்கூடியவை. துணியை அழுத்தும் பழக்கம் பால் குடிக்கும் பருவத்தில் தாயின் மடியை அழுத்துவதிலிருந்து வருவது என்பதை அறிந்தவர்களுக்கு, தாயைப் பிரிந்த சி அப்படிச் செய்யும் கட்டங்கள் வேறு ஓர் ஆழத்தில் பொருள்படும்.

குட்டி இவ்வளவு விரைவில் மனிதர்களிடம் ஒட்டிக்கொள்வதும் கற்பனை அன்று. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏறத்தாழ ஏழாம் வாரம் வரையிலான காலம், யாரை நம்பலாம் என்பதைப் பூனைக்குட்டி கற்றுக்கொள்ளும் முதன்மையான பருவமாகும். அந்த நாட்களில் மனிதக் கையின் தொடுகையை அறிந்த குட்டி பின்னாளில் மனிதர்களை அஞ்சாமல் இருக்கும் வாய்ப்பு கூடுதல். அறியாத குட்டி பெரும்பாலும் அஞ்சியே வாழும். அதே காரணத்தால் தாயிடமிருந்து மிக இளம் வயதில் பிரிப்பதும் கேடு விளைவிக்கும். பிறந்து 56 நாட்கள் நிறையாத குட்டிகளை விற்கக்கூடாது என்ற விதி ஜப்பானில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது இதன் பொருட்டே.

வளர்ப்பு முறையைப் பொறுத்தவரை, இதைக் கையேடாகக் கொள்ளக்கூடாது. யாமாதா குடும்பத்தார் அனுபவம் இல்லாதவர்கள். அவர்கள் தடுமாறுவதுதான் கதை. பாலூட்டும் பருவம் கடந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கு உண்டாகும். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவை பூனைக்கு நஞ்சு. லில்லி மலரோ அதன் மகரந்தத் துகளே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சி தன் விருப்பப்படி வெளியே சுற்றுவது கதைக்குச் சுவை தருகிறது. ஆனால் சாலை விபத்தும் தொற்றுநோயும் கருதி, பூனைகளை வீட்டுக்குள்ளேயே வளர்க்குமாறு ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் பரிந்துரைக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல், விற்பனைக்கு வரும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் உடலுக்குள் அடையாளச் சில்லு பொருத்துவது அங்கே கட்டாயமாகிவிட்டது. சியின் தாய்க்கு அப்படி ஏற்பாடு இருந்து, குட்டிக்கும் செய்யப்பட்டிருந்தால், முதல் தொகுதியிலேயே கதை முடிந்திருக்கும்.

பெரியவர்களுக்கான இதழில் ஒரு பூனைக்குட்டிக் கதை எப்படி இடம்பெற்றது?

'மார்னிங்' இதழ், வேலைக்குச் செல்லும் ஆண்களை முதன்மை வாசகர்களாகக் கொண்டு 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அலுவலக அரசியல், தொழில், குற்றம், வரலாறு என்று கனத்த கதைகள் கறுப்பு வெள்ளையில் வரும் அந்தப் பக்கங்களுக்கு நடுவே, சில பக்கங்களே கொண்ட வண்ண அத்தியாயமாகச் சி வந்தது. களைத்துப்போன மனிதர் ஒருவர் வீடு திரும்பும் வழியில் அதைப் படித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கும்போது, வீடு என்ற ஒன்றைப் பற்றிய கதை அங்கே வெளிவந்ததன் பொருத்தம் விளங்குகிறது. மேலும், பூனைக் கதைகள் அந்த இதழுக்குப் புதியவை அல்ல, 'வாட்ஸ் மைக்கேல்?' 1984ஆம் ஆண்டு முதல் அங்கேதான் வெளிவந்தது.

பெரியவர்களின் இதழில் வந்த ஒரு தொடர் குழந்தைகள் பிரிவில் விருது பெற்றதில் முரண்பாடு எதுவும் இல்லை. குழந்தைகள் சியின் பக்கம் நின்று படிக்கிறார்கள்; பெற்றோர் யாமாதா தம்பதியின் பக்கம் நின்று படிக்கிறார்கள். பக்கங்கள் அவையே.

ஓவியங்களைப் பற்றி என்ன சொல்லலாம்? எந்தத் திசையில் படிக்க வேண்டும்?

ஜப்பானிய மங்காக்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையில் வருபவை. இது முழுவதும் வண்ணத்தில் அமைந்தது. நீர்வண்ணத்தைப் போல மெலிந்து பரவும் நிறங்கள். கோடுகள் குறைவு, பின்னணிகள் எளிமை. சியின் தலையும் கண்களும் உடம்பின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக வரையப்பட்டிருந்தாலும், எலும்பும் தசையும் அசையும் விதம் உண்மையான பூனைக்குட்டியுடையதாகவே இருக்கிறது. பார்வை பெரும்பாலும் தரைக்கு நெருக்கமாக வைக்கப்படுவதால், நாற்காலியின் கால்கள் தூண்களாகவும், மனிதர்கள் பல கட்டங்களில் வெறும் பாதங்களாகவும் கைகளாகவும் தோன்றுகிறார்கள்.

ஜப்பானிய மூலத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வெர்ட்டிக்கல் நிறுவனம் 2010ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில் பக்கங்கள் திருப்பி அச்சிடப்பட்டிருப்பதால், அதை நாம் பழகிய முறையில் இடமிருந்து வலமாகவே படிக்கலாம். ஓவியத்தைத் திருப்புவதை மங்கா ஆர்வலர்கள் பலர் விரும்புவதில்லை. ஆனால், மங்காவை முதன்முறையாகக் கையில் எடுக்கும் குழந்தைக்கு ஒரு தடை குறைகிறது என்பதால் இந்தப் படைப்பின் அளவில் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அசைபடமாக வந்திருக்கிறதா? அதை முதலில் பார்க்கலாமா?

மேட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்த தொடர், தோக்கியோ தொலைக்காட்சியில் 2008ஆம் ஆண்டு மார்ச் முதல் செப்டம்பர் வரை 104 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ மூன்று நிமிடமே. 2009ஆம் ஆண்டில், புதிய வீட்டு வாழ்க்கையைச் சொல்லும் இரண்டாம் தொடர் மீண்டும் 104 பகுதிகளாக வந்தது. சிக்குக் குரல் கொடுத்தவர் கொரோகி சதோமி. கணினி முப்பரிமாண முறையில் உருவான மற்றொரு தொடர் 2016ஆம் ஆண்டு தொடங்கியது.

புத்தகத்தை முதலில் படிப்பதே நல்லது. அசைபடம் சியின் குரலை நமக்குத் தந்துவிடுகிறது; புத்தகமோ, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே நின்று பார்க்க விடுகிறது. மழலைக் குழந்தைகளோடு சேர்ந்து பார்ப்பதற்கு 2008ஆம் ஆண்டுத் தொடரே சிறந்தது. முப்பரிமாணத் தொடரில் வேகம் கூடிவிட்டது, அந்த மெதுவான வீட்டுப் பொழுதுகள் குறைந்துவிட்டன.

எந்த வயதுக் குழந்தைகள் படிக்கலாம்?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் படிக்கலாம். தெரியாத குழந்தைக்குப் பெரியவர் படித்துக் காட்டலாம். வன்முறையோ தகாத காட்சியோ கிடையாது. பிரிவுகள் மட்டும் உண்டு. முதல் அத்தியாயத்தில் தாயைத் தொலைப்பதும், கரும்பூனை விடைபெறுவதும், பிற்பகுதியில் கொச்சி என்ற தெருப் பூனைக்குட்டி வளர்ப்பு வீடு இல்லாமல் தனித்து வாழ்வதும் இளம் மனங்களைத் தொடும். அம்மா எங்கே என்று குழந்தை கேட்டால், விடையைத் தவிர்க்காமல் பேசுங்கள். கொச்சியைப் பற்றி இன்னும் ஒன்று: வீட்டுப் பூனையான சியும் வெளியில் பிழைக்கும் கொச்சியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முயலும் அத்தியாயங்கள், மனிதர்களை நம்புவது என்றால் என்ன என்பதைப் பூனையின் பக்கமிருந்து கேட்கின்றன. அவற்றை அவசரமின்றிப் படிக்க வேண்டும்.

கதையின் முடிவு என்ன?

தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பின் யாமாதா குடும்பத்தார் என்ன செய்கிறார்கள் என்பதே கடைசித் தொகுதிகளின் பொருள். 12 தொகுதிகள் காத்திருந்து அடைய வேண்டிய இடத்தை ஒரு வரியில் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. சியின் விருப்பம் அங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

இதைப் படித்த பின் வேறு எந்தப் பூனை மங்காக்களைப் படிக்கலாம்?

மேலே குறிப்பிட்ட 'வாட்ஸ் மைக்கேல்?', கொபயாஷி மகோதோ வரைந்தது. 1986ஆம் ஆண்டு கோதான்ஷா மங்கா விருதின் பொதுப் பிரிவில் பரிசு பெற்றது. மைக்கேல் என்ற செம்பழுப்புப் பூனை அதில் ஒவ்வொரு கதையிலும் வெவ்வேறு வீடுகளில் வாழும். பூனைகளைச் சுற்றி மனிதர்கள் எப்படியெல்லாம் நடந்துகொள்கிறார்கள் என்பதைக் காட்டும் நகைச்சுவைப் படைப்பு.

அதற்கும் முன்னே, 1978ஆம் ஆண்டு ஓஷிமா யுமிகோ தொடங்கிய 'வதா நோ குனி ஹோஷி', தான் வளர்ந்து மனிதப் பெண்ணாகிவிடுவேன் என்று நம்பும் ஒரு குட்டியின் கதை. அதில் பூனை, காதும் வாலும் கொண்ட சிறுமியாகவே வரையப்படுகிறது. சியில் வாசகருக்குப் பூனை பூனையாகவே தெரிய, அங்கே பூனை தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் கனவு கண்முன் தெரிகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பூனையின் உள்ளத்தை வரைய எத்தனை வேறுபட்ட வழிகள் உள்ளன என்பது புலப்படும். ஓஷிமா தம் சொந்தப் பூனைகளோடு வாழ்ந்த ஆண்டுகளை 'கூ-கூ தத்தே நெகோ தெ ஆரு' என்ற தன்வரலாற்று மங்காவாகப் பின்னாளில் எழுதினார்; நோயும் முதுமையும் பேசப்படும் அந்தப் படைப்பு பெரியவர்களுக்குரியது.

அண்மைக் காலத்தில் பலரைக் கவர்ந்தது, சகுராய் உமியின் 'ஓஜி-சமா தோ நெகோ'. விலங்குக் கடையில் யாரும் வாங்காமல் வளர்ந்துவிட்ட ஃபுகுமாரு என்ற பூனையை, மனைவியை இழந்த காந்தா என்ற முதிய பியானோ கலைஞர் தமக்கென்று வாங்கிக்கொள்கிறார். 2018ஆம் ஆண்டு முதல் தொகுதிகளாக வெளிவரும் அக்கதையில் மனிதரும் பூனையும் தாம் யாருக்கும் வேண்டாதவர்கள் என்ற எண்ணத்திலிருந்து மீள்கிறார்கள். திகில் கதைகளால் புகழ்பெற்ற இதோ ஜுஞ்சி, தம் வீட்டுக்கு வந்த யோன், மூ என்ற இரு பூனைகளைப் பற்றி வரைந்து 2009ஆம் ஆண்டு நூலாக்கிய நாட்குறிப்பும் உண்டு. முகங்கள் அச்சமூட்டும், நிகழ்ச்சிகள் எல்லாம் வீட்டுப் பூனையின் எளிய குறும்புகளே. கொனாமி கனாதாவின் கையையே மீண்டும் காண விரும்புவோர், மூதாட்டியோடு வாழும் பூனையின் குட்டிப் பருவத்தைச் சொல்லும் 'ஃபுகுஃபுகு' நூல்கள் இரண்டை ஆங்கிலத்தில் படிக்கலாம். சியின் கதையையே தொடங்கவிருப்பவர்களுக்கு, தனித்தனித் தொகுதிகளைத் தேடுவதைவிட, மூன்று மூன்று தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து நான்கு பெரிய நூல்களாக வெளிவந்த முழுப்பதிப்பு வசதியானது.